ஒரு கால் காணோம்

"ஒரு கால் போச்சுங்க," என்றார் யார்டு முதலாளி, கார் சாவியால் காதைக் குடைந்துகொண்டே.

குடைந்து முடித்ததும் சாவியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். துடைக்காமலேயே மேஜைமேல் கிடந்த மற்ற சாவிகளோடு அதைப் போட்டார். அது யாரோ ஒருவருடைய வண்டிச் சாவி. தவணை தவறியதால் நடுத்தெருவில் பிடுங்கி இங்கே கொண்டுவந்த சாவி. அந்த மனிதர் என்றைக்காவது பாக்கியைக் கட்டி வண்டியை மீட்டால், முதலாளியின் காதழுக்கும் இலவச இணைப்பாகக் கூடப் போகும்.

"காலா?" என்றேன். "நாங்க துப்பறியற ஆளுங்க சார். காலுக்கு டாக்டரைத்தான் பார்க்கணும்."

"டயரைத்தாங்க இங்க கால்னு சொல்லுவோம்." வாசற்படியில் நின்ற மச்சினன் விளக்கம் சொன்னான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. யார்டுக்கு மேனேஜர். கூர்மையான முனை வைத்த பளபள ஷூ போட்டிருந்தான். அந்த இடத்திலேயே சுத்தமாக இருந்த ஒரே பொருள் அதுதான். "பைக்குன்னா ரெண்டு கால். காருன்னா நாலு கால். வண்டி உள்ள வந்ததும், 'எல்லாக் காலும் இருக்கா'ன்னுதான் முதல்ல கேப்போம்."

"ஸ்டெப்னி?" என்று கேட்டாள் சித்தி.

"அது அஞ்சாம் கால்."

சித்தி என்றால் எனக்கு மட்டும்தான் சித்தி. என் அம்மாவின் தங்கை. மற்றவர்களுக்கு மேடம். இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன கார்களையும், எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கார்களையும் பார்த்தே காலம் தள்ளியவள். வேலையை விட்டபின் சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். நான் அவளுடைய ஒரே ஊழியன். வேலை என்றால் நான் ஊழியன், சம்பளம் என்றால் அக்கா பையன். இந்த ஏற்பாட்டில் எங்கேயோ இடிக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டால், "சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

"சாமான் ரூம்ல பூட்டி வெச்சிருந்தது," என்றார் முதலாளி. "அந்தச் சாம்பல் கலர் காரோடது. நேத்து சாயந்திரம் பார்த்தா இல்லை. பூட்டு பூட்டின மாதிரியே இருக்கு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல, ஒண்ணு மச்சான்கிட்ட. அப்ப யாரு எடுத்திருப்பா? வாட்ச்மேன் கள்ளச்சாவி போட்டிருக்கான். இன்னைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வர்றார். கூட்டிட்டுப் போயி ரெண்டு தட்டு தட்டினா எங்க குடுத்தான்னு கக்கிடுவான்."

"எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. அப்புறம் நாங்க எதுக்கு?"

"ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் கேப்பான்ல? யார்டுல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா வண்டி அனுப்ப மாட்டான். பாதுகாப்புல குறையே இல்லை, வாட்ச்மேன்தான் திருடன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதி கையெழுத்துப் போட்டுடுங்க."

"ஒரு பழைய டயருக்கா போலீஸு, துப்பறியறவங்க, ரிப்போர்ட்டு?"

"இன்னைக்குக் காலை எடுத்தவன் நாளைக்கு வண்டியை எடுப்பான்," என்று சொல்லிவிட்டு முதலாளி இன்னொரு சாவியை எடுத்தார். இன்னொரு காது பாக்கி இருந்தது. நானும் சித்தியும் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

வாட்ச்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். எழுந்து போகக் கூடாது என்று உத்தரவாம். சொந்த கேட்டிலேயே கைதி. குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுத்திருக்கவில்லை. நான் என் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

"அண்ணே, சாமான் ரூம் சாவி உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள் சித்தி.

"இல்லைம்மா."

"நீங்க எடுத்தீங்களா?"

"இல்லைம்மா."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

அவர் பாட்டில் மூடியைத் திருகி மூடினார். மூடியதைத் திறந்தார். மறுபடி மூடினார். "பொண்டாட்டிக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கம்மா. சாப்பாட்டுக்குக் காத்துட்டு இருக்கும்."

"சொல்லிடறோம். நேத்து இங்க வெளியாளுங்க யாராவது வந்தாங்களா?"

"அழறவங்க வருவாங்க. தினமும் வருவாங்க. அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்கம்மா."

சித்தி கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வந்ததும் என்னிடம் சொன்னாள்: "டேய், திருடினவன் பொய் சொல்லுவான். இந்த ஆள் பொய் சொல்லலை, வாயைப் பூட்டிக்கறார். யாரையோ காப்பாத்தறார்."

"கூட்டாளியையா?"

"கூட்டாளிக்காகப் போலீஸ் அடி வாங்கற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. வா, யார்டைப் பார்க்கலாம்."

மச்சினன் சுற்றிக் காட்டினான். பெருமையாகத்தான் ஆரம்பித்தான். ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலின்மேல் முள்கம்பிச் சுருள். வண்டிகளை மூக்கும் வாலும் இடிக்கிற மாதிரி நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். ஒன்றை எடுக்க வேண்டும் என்றால் முன்னால் உள்ள ஏழெட்டை நகர்த்தியாக வேண்டும். எல்லா வண்டிக்கும் பாட்டரி வயரைக் கழற்றி, முன் டயரில் காற்றைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். வெளியே போகிற யாராக இருந்தாலும் அந்த கேட்டில் மச்சினனே நின்று பையைத் திறந்து பார்ப்பானாம்.

"மாமா பையைக்கூடப் பார்ப்பேன்," என்றான்.

இதெல்லாம் பாதுகாப்பு. அருவருப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் சாக்பீஸால் எதையோ எழுதியிருந்தார்கள். 'கால்ல விழுந்த கார்'. 'மயக்கம் போட்ட வேன்'. 'சாபம் விட்ட பைக்'.

"நம்பரெல்லாம் யார் ஞாபகம் வெச்சுக்கறது?" என்றான் மச்சினன். "தூக்கும்போது பார்ட்டி என்ன பண்ணுச்சோ அதையே பேரா வெச்சிடுவோம். பசங்க ஒரு ஜாலிக்கு..." சித்தியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நான் வாய் ஓயாமல் ஜோக்கடிக்கிறவன். அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஒருத்தன் நடுத்தெருவில் மயங்கி விழுகிறான். அதைக் கண்ணாடியில் எழுதி வைத்துச் சிரித்திருக்கிறார்கள். தூ!

சாம்பல் கலர் கார் மதிலோரம் நின்றது. அதன் கண்ணாடியில் 'தூக்கிட்டு நின்ன அம்மா' என்று எழுதியிருந்தது.

"டிக்கியைத் திற," என்றாள் சித்தி.

திறந்தேன். விரிப்பைத் தூக்கினேன். அடியில் ஸ்டெப்னி பத்திரமாகப் படுத்திருந்தது. நட்டைக்கூடக் கழற்றியதில்லை, சிலந்தி வலை பின்னியிருந்தது. நான் காரைச் சுற்றி வந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

"சித்தி, அஞ்சு காலும் இருக்கு. காருக்கு ஆறாவது விரல் மாதிரி ஆறாவது கால் ஏதாவது..."

"தம்பி," என்று மச்சினன் பக்கம் திரும்பினாள் சித்தி. "எது காணாமப் போச்சு?"

"கால்தான் மேடம். மாமா சொன்னாரே." அவன் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சாமான் ரூமைத் திறங்க."

அலுவலகத்துக்குப் பின்புறம் இருந்தது அந்த அறை. திறந்ததும் கெட்டுப்போன சாப்பாட்டு நாற்றமும் எலி மூத்திர நாற்றமும் மூக்கைப் பிடித்துத் தள்ளின. வண்டிகளில் இருந்து எடுத்த சாமான்களாம். சுவர் முழுக்க அலமாரி. கூலிங்கிளாஸ்கள், மூக்குக்கண்ணாடிகள், குடைகள். ஒரு பள்ளிக்கூடப் பை. மூச்சுத்திணறலுக்கு வாயில் வைத்து இழுக்கும் மருந்துக்குழாய்கள் மட்டும் ஒரு டப்பா நிறைய. மூடி திறக்காத ஒரு சாப்பாட்டு டப்பா. உள்ளே என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

"இதெல்லாம் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுக்க வேண்டாமா?" என்றேன்.

"பாக்கியைக் கட்டிட்டா குடுத்துடுவோம்," என்றான் மச்சினன் தரையைப் பார்த்து.

"மூச்சையுமா பாக்கிக்குப் பிடிச்சு வெப்பீங்க?"

சித்தி நடுத்தட்டின் முன்னால் நின்றிருந்தாள். ரோட்டுப் புழுதி எல்லாத் தட்டுகளிலும் மாவாகப் படிந்திருந்தது. நடுத்தட்டில் மட்டும் ஓரிடத்தில் புழுதி இல்லை. எதையோ நெடுநாள் வைத்திருந்து எடுத்த இடம்.

"டயரை வெச்சு எடுத்தா புழுதியில என்ன தெரியும்?" என்றாள் சித்தி.

"வட்டமா தெரியும்," என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

வட்டமில்லை. நீளமாக, ஒல்லியாக இருந்தது. மேலே கொஞ்சம் அகலம், கீழே குறுகி, கடைசியில் ஒரு பக்கமாக வளைந்து... பாதம். சின்னப் பாதம். என் கையைவிடக் கொஞ்சம் பெரிது.

"சித்தி," என்றேன். "இது கால். நிஜமாவே கால்."

"செயற்கைக் கால். குழந்தையோடது." சித்தி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்; நாற்றத்துக்காக இல்லை. "டேய், இதைப் போட்டோ எடு."

எடுத்தேன்.

மச்சினன் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான். சித்தி கேட்காமலேயே சொன்னான். ஒரு தையற்கார அம்மா. புருஷன் இல்லை. பெண்ணுக்குப் பத்து வயது. எங்கேயோ போய்விட்டுத் திரும்புகிற வழியில், கால் வலிக்கிறது என்று கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு அந்தப் பெண் பின்சீட்டில் தூங்கியிருக்கிறாள். சிக்னலில் மடக்கிச் சாவியைப் பிடுங்கி இரண்டு பேரையும் இறக்கி விட்டிருக்கிறார்கள். டிக்கியைத் திறங்கள், டிக்கியைத் திறங்கள் என்று அந்த அம்மா கத்தியிருக்கிறாள். கத்தாத பார்ட்டி எது என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றாளாம். அதுதான் கண்ணாடியில் எழுதியிருந்த பெயர்.

"அப்புறம் தெரிஞ்சுதுல்ல? அப்பவாவது குடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"மாமாதான்... 'கால் இங்க இருக்கட்டும், பார்ட்டி தானா வரும்'னாரு. தினமும் வந்துச்சு அந்தம்மா. பாக்கியைப் பாதியாவது கட்டு, அப்புறம் கால்னு சொல்லி அனுப்பிடுவாரு."

எத்தனையோ திருடர்களோடு பேசியிருக்கிறோம். கையைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். சித்தி அதைச் செய்தேவிட்டாள்; வெளியே இருந்த குழாயில் முழங்கை வரைக்கும் கழுவினாள்.

"இப்ப கேமரா," என்றாள்.

யார்டில் ஒரே ஒரு கேமராதான். கேட் தூணில், என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பொருத்தியிருந்தார்கள். நாய் வந்தால் முகர்ந்து பார்க்கிற உயரம்.

"ஏன் இவ்வளவு கீழ? முதலாளி குள்ளமா?"

"நம்பர் பிளேட் தெரியறதுக்கு," என்றான் மச்சினன். "மனுஷங்க மூஞ்சியைப் பார்த்து நாங்க என்ன பண்ணப் போறோம்?"

அலுவலகத்தின் பக்கத்து அறையில் திரை இருந்தது. முதலாளி சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. முந்தின நாள் மதியத்தை ஓட்டினோம். முகமே கிடையாது. வெறும் கால்கள். செருப்புகள், பூட்ஸ்கள், ஒரு பெண்ணின் புடவைக் கரை. அரை மணி நேரம் செருப்புக் கடை விளம்பரம் பார்த்த மாதிரி இருந்தது. நான் கொட்டாவி விட்டேன்.

"நிறுத்து," என்றாள் சித்தி. "இந்தப் புடவைக் கரை உள்ள வருது. கூட யாரு?"

பக்கத்தில் ஒரு நீளப் பாவாடை. அதன் கீழே ஒரு சின்னச் செருப்பு. ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் ஊன்றுகோல்களின் ரப்பர் முனைகள்.

"தையற்கார அம்மாவும் பொண்ணும்," என்றேன்.

"எத்தனை கால்?"

"அம்மாவுக்கு ரெண்டு. பொண்ணுக்கு ஒண்ணு. மூணு."

"இப்ப அவங்க வெளிய போறதைக் காட்டு."

ஓட்டினேன். அதே புடவைக் கரை. அதே பாவாடை. அதன் கீழே சின்னச் செருப்பு ஒன்று. அதற்குப் பக்கத்தில், செருப்பில்லாமல், வழுவழுவென்று ஒரு பாதம். ஊன்றுகோல் ஒன்றுதான் தரையில் படுகிறது. இன்னொன்றை யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

"நாலு!" நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "உள்ள வந்தது மூணு, வெளிய போனது நாலு! திருட்டுப் பொருள் தானே நடந்து போயிருக்கு சித்தி! ஒவ்வொருத்தர் பையையும் திறந்து பார்த்த இந்த மகாராசன்..."

மச்சினனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வெளுத்துப்போயிருந்தான்.

"கத்தாதே," என்றாள் சித்தி. "வாட்ச்மேன் ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்பப் புரியுதா? அவர் பார்த்திருக்கார். கால் அங்கதான் போச்சுன்னு சொன்னா, இவங்க அந்தம்மா வீட்டுக்குப் போயி பொண்ணு போட்டிருக்கற காலைக் கழட்டிட்டு வந்துடுவாங்க. சொல்லலைன்னா அவர் உள்ள போகணும். போறதுக்கு ரெடியா உட்கார்ந்திருக்கார்."

"அப்ப ரூமைத் திறந்தது அவர்தானா? கள்ளச்சாவி?"

"திரையில இன்னும் ரெண்டு கால் இருக்கு. பார்க்கலையா நீ?"

பார்த்தேன். ஓரத்தில் கூர்முனை ஷூ இரண்டு. மச்சினன் சோதனை போடுகிற இடம்.

"முன்னாடி போனவங்களைப் பாரு. ஒவ்வொருத்தர் போகும்போதும் அந்த ஷூ முனை அவங்க பக்கம் திரும்பி நிக்குது. பையைப் பார்க்கறான்ல? இந்த அம்மாவும் பொண்ணும் போகும்போது மட்டும் முனை மதில் பக்கம் திரும்பியிருக்கு. மதில்ல என்ன தம்பி பார்த்தீங்க?"

மச்சினன் கதவைச் சாத்தினான். "சத்தமா பேசாதீங்க மேடம். மாமா பக்கத்து ரூம்ல இருக்காரு."

"நீங்கதான் திறந்து குடுத்தீங்க."

"என்னால முடியலை மேடம். வேற சாமான் வைக்க ரூமைத் திறந்தேன். அந்தப் பொண்ணு அலமாரியில இருக்கற காலையே பார்த்துட்டு நின்னுச்சு. மாமா சாப்பிடப் போயிருந்தாரு. மாட்டிக்கன்னு சொல்லிட்டேன்." அவன் கண் கலங்கியது. எனக்கு அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடமே அந்த ஆசையைக் கெடுத்தான். "மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைத் துரத்திடுவாரு. அக்கா வாழ்க்கையே போயிடும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

"அப்ப வாட்ச்மேன்?"

"அவருக்கு... வயசாச்சு இல்லையா மேடம். ரொம்ப அடிக்க மாட்டாங்க."

சித்தி அவனைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படிச் சுளித்திருக்கவில்லை.

"இந்த வீடியோவை உன் போன்ல ஏத்திக்கோடா," என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். முதலாளி ஓடி வந்து, ஸ்டூலில் இருந்த வாட்ச்மேனைச் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். "இவன்தான் சார். மேடம் ரிப்போர்ட்டும் ரெடி."

"ரெடிதான்," என்றாள் சித்தி. "ஒரே ஒரு இடம் மட்டும் காலியா இருக்கு. என்ன காணோம்னு நீங்க உங்க வாயால சொல்லிட்டா நிரப்பிடுவேன்."

"கால். சொன்னேனே. டயர் சார்," என்றார் முதலாளி அவசரமாக.

"சாம்பல் கலர் காருக்கு அஞ்சு டயரும் இருக்கு சார். உங்க ஆளையே விட்டு எண்ணச் சொல்லுங்க. அதைத் தவிர வேற கால் ஏதாவது காணோம்னா சொல்லட்டும், எழுதிக்கலாம். யாரோடது, என்ன வயசு, வலதா, இடதா."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "டயருக்கு என்னம்மா வலது இடது?"

"அதை இவர்தான் சொல்லணும் சார். எடுத்து வெச்சிருந்தவர் இவர்தானே."

நான் போனைக் கையில் எடுத்து, புழுதியில் பதிந்திருந்த சின்னப் பாதத்தின் படத்தை முதலாளியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தேன். வாட்ச்மேனின் காலரைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது.

"சொல்லுங்க சார்," என்றேன். "எந்தக் கால்?"

"ஒண்ணும்... ஒண்ணும் காணாமப் போகலை சார். எண்ணும்போது தப்பாயிடுச்சு."

"விளையாடறீங்களா? எனக்கு வேற வேலை இல்லை?" சப்-இன்ஸ்பெக்டர் கத்திவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கிளப்பிய புழுதி முதலாளியின் முகத்தில் படிந்தது. துடைக்கத் தோன்றாமல் நின்றார்.

ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் சித்தியிடம் சீறினார். "யாரு எடுத்துக் குடுத்தது? திருடன் பேரை எழுதத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"காணாமப் போகவே இல்லைன்னு போலீஸ்கிட்ட சொல்லிட்டீங்க. இல்லாத திருட்டுக்குத் திருடனை நான் எங்க போய்த் தேடறது? அந்தத் தையற்கார அம்மா வீட்டுப் பக்கம் உங்க ஆள் நிழல் பட்டாலும் இந்தப் பாதப் படம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போகும். அந்த ரூம்ல இருக்கற ஒவ்வொரு சாமானையும் உடையவங்ககிட்ட சேர்த்துடுங்க. மருந்துக்குழாய் முதல்ல."

முதலாளி ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாட்ச்மேன் ஸ்டூலுக்கு அடியில் இருந்த தன் பையை எடுத்துச் சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வரப் போவதில்லை என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இல்லை. நாங்கள் கேட்டைத் தாண்டும்போது மச்சினன் ஓடி வந்தான்.

"மேடம்... அந்தப் பொண்ணு நல்லா நடந்துச்சா? நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன். பார்க்கலை."

"பார்த்தவர் அதோ இருக்கார்," என்றாள் சித்தி. "போய் அவரைக் கேளு. கேக்கும்போது வேற ஏதாவது சொல்லணும்னு தோணினா, அதையும் சொல்லு."

மச்சினன் வாட்ச்மேன் பக்கம் திரும்பினான். இரண்டடி வைத்தான். பாதி வழியில் நின்றான். வாட்ச்மேன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மாதான் பார்த்தார். அப்போது அலுவலகத்துக்குள்ளிருந்து, "டேய் மச்சான்!" என்று குரல் வந்தது. அவன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். தப்பித்தோம் என்கிற அவசரம் அந்த நடையில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வாட்ச்மேன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தத் தம்பி என்கிட்ட என்னமோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சே. என்னம்மா?"

"மன்னிப்பு," என்றாள் சித்தி. "வர்ற வழியில தொலைச்சிட்டான்."